புதுப் பட்டை என்று காசு வாங்கிவிட்டு, பழைய பட்டையைக் கேஸில் சுட்டுக் கொடுத்த கடை

பழைய ஜீப், பிக்அப் வைத்திருப்பவர்கள், அதைத் தாழ்த்தி அகல டயர் போட்டுக்கொள்ளலாம் என்று கோயம்புத்தூர்ப் பக்கம் கடை தேடிக்கொண்டிருந்தால், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். கொஞ்சம் நீளம்தான்.

என்னுடையது பழைய மஹிந்திரா ஜீப் பிக்அப். முன்னும் பின்னும் பட்டைதான் (வளைந்த இரும்புத் தகடுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய லீஃப் ஸ்பிரிங்), காயில் ஸ்பிரிங் கிடையாது. தாத்தா காலத்தில் கொப்பரை ஏற்றிக்கொண்டு காங்கேயத்துக்கு ஓடிய வண்டி. பாரத்துக்காகக் கட்டிய பட்டை என்பதால், காலியாக ஓட்டினால் கன்றுக்குட்டி மாதிரி துள்ளும். இப்போது பாரம் ஏற்றுவதில்லை. 2 அங்குலம் தாழ்த்தி, பழைய 6.00-16 டயரைக் கழற்றிவிட்டு 255/70 ஆர் 15 போட்டால் பார்க்கவும் நன்றாக இருக்கும், துள்ளலும் குறையும் என்பது கணக்கு. இந்த இரண்டு டயருக்கும் உயரத்தில் பெரிய வித்தியாசமில்லை. அகலம்தான் 6 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகிவிடும்.

கோவையில் மாடிஃபிகேஷன் செய்யும் ஒரு கடையில் விட்டேன். முதலாளி நன்றாகப் பேசினார். "ஒண்ணும் யோசிக்காதீங்ணா, நாலு பக்கமும் புதுப் பட்டை செட்டே அடிச்சுப் போட்டுடறோம். தோய்ச்சல் எல்லாம் ஃபர்னஸ்லதான். ஆர்டிஓ பக்கம் வந்தா நாங்க பாத்துக்கறோம்ங்க" என்றார். தோய்ச்சல் என்பது சூடாக்கிய இரும்பை எண்ணெயில் முக்கி விறைப்பாக்குவது. பட்டைக்கு மட்டும் 38,000 ரூபாய். ரிம், டயர், கூலி தனி. ஜிஎஸ்டி பில் கேட்டதற்கு, "வேலை முடியட்டுங்ணா" என்று ஒரு எஸ்டிமேட் சீட்டை நீட்டினார்.

வண்டி வந்தபோது குறை சொல்ல முடியாத அழகு. கறுப்புப் பெயின்ட் பளபளக்க, டயர் மட்கார்டுக்குள் பாதி புதைந்து நின்றது. கடைக்காரர்கள் போட்டோ எல்லாம் எடுத்துக்கொண்டார்கள். ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்துத் திருப்பியபோதுதான் முதல் சத்தம். டயர் மட்கார்டின் உள்விளிம்பில் உரசி, அங்கே ரப்பர் தூள் கறுப்பாகப் படிந்திருந்தது. கிணத்துக்கடவு தாண்டி ஊருக்குள் திரும்பினால் ஒரு வேகத்தடை. அதில் மெதுவாக ஏறி இறங்கும்போதே இரும்பும் இரும்பும் மோதுகிற மாதிரி 'டொம்' என்று இடித்தது. போன் போட்டால், "புதுப் பட்டைங்ணா, செட் ஆகக் கொஞ்ச நாள் ஆகும்" என்று பதில். புதுப் பட்டை ஓட ஓடக் கொஞ்சம் இறங்கும் என்பது உண்மை. அந்த உண்மையை வைத்துத்தான் பொய் சொன்னார்கள்.

ஏனென்றால் இறங்கியது கொஞ்சமில்லை, அதுவும் ஒரு பக்கம் மட்டும். சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்புவரை டேப் வைத்துப் பார்த்தால் முன் இடது பக்கம் வலது பக்கத்தைவிட ஒன்றேகால் அங்குலம் தாழ்ந்திருந்தது. பிரேக் பிடித்தால் வண்டி இடதுபுறம் இழுத்தது.

கடைக்காரர் சமாதானத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது போதும் என்று திருச்செங்கோட்டுக்குக் கொண்டுபோனேன். போர்வெல் போடும் ரிக் லாரி ஓடுகிற ஊர், பட்டை வேலை தெரிந்தவர்களுக்கு அங்கே பஞ்சமில்லை. பட்டறைப் பெரியவர் அடியில் படுத்துப் பார்த்தார். உடைந்த ஹாக்ஸா பிளேடு ஒன்றை எடுத்து அடுக்கிலேயே நீளமான மெயின் பட்டைமேல் பெயின்டைச் சுரண்டினார். முதலில் வைக்கோல் நிறம், அப்புறம் ஊதா, நீலம் என்று பட்டை பட்டையாக வந்தது. நடுப்பக்கம் போகப் போகச் சாம்பல் நிறத்தில் பொருக்கு. "இது கேஸ் கட்டர்ல சுட்டது கண்ணு. நெருப்பைக் காட்டிப் படுக்க வெச்சிருக்கறான்" என்றார்.

அதோடு முடியவில்லை. பட்டையைப் பிரித்தால், ஒன்றின் நுனி இன்னொன்றின்மேல் உரசி உரசி விழுந்த பள்ளம் அப்படியே இருக்கிறது. புதுப் பட்டையில் அது எப்படி வரும்? மூன்றாவது பட்டையில் உளியால் கொத்திய பெருக்கல் குறி வேறு. பல வருடம் முன்னால் பொள்ளாச்சிப் பட்டறையில் அந்தப் பட்டையை மாற்றியபோது போட்ட குறி அது. ஆக, 38,000 ரூபாய்க்கு என் பட்டையே எனக்குத் திரும்பி வந்திருக்கிறது.

இதை வெறும் காசு விஷயமாக நினைக்காதீர்கள். ஸ்பிரிங் பட்டைக்கான இரும்பை ஏறத்தாழ 900 டிகிரிக்குச் சூடாக்கி, எண்ணெயில் தோய்த்து, மறுபடி 400, 500 டிகிரியில் பதம் செய்துதான் அந்த விறைப்பு வருகிறது. கேஸ் நெருப்பில் ஒரே இடத்தைச் சிவக்கச் சுட்டால் அங்கே பதம் போய்விடும். பட்டை இறங்கும், உடனே தாழ்ந்து காட்டும். ஆனால் இறங்கிக்கொண்டே போகும், இல்லையென்றால் சுட்ட இடமும் சுடாத இடமும் சேரும் கோட்டில் வெடிக்கும். ஜீப்பில் முன் ஆக்சிலை அதன் இடத்தில் பிடித்து வைத்திருப்பதே மெயின் பட்டைதான். அதன் கண் (சேஸில் மாட்ட நுனியில் சுருட்டிய வளையம்) பக்கம் முறிந்தால் ஆக்சில் இடம் விலகும், ஸ்டியரிங் நம் கையில் இருக்காது. மாமா வீட்டோடு இந்த வண்டியில் வால்பாறை போவதாக ஒரு பேச்சு இருந்தது. ஆழியாறுக்கு மேல் 40 கொண்டை ஊசி வளைவு. நினைக்கவே வேண்டாம்.

மற்ற கைங்கரியங்கள்: பின்னால் இரண்டு பக்கமும் அடுக்கிலிருந்து ஒவ்வொரு பட்டை உருவப்பட்டிருந்தது. சேஸுக்கு அடியில் ஆக்சில் இடிக்காமல் இருக்க வைக்கும் ரப்பர் கட்டைகளை அறுத்து எறிந்திருந்தார்கள், 'டொம்' சத்தம் அதுதான். ஷாக் அப்சார்பரைத் தாழ்த்திய உயரத்துக்கு ஏற்ப மாற்றவில்லை, பழைய நீளமே. ரிம் உள்ளே இடித்ததால் நாலு சக்கரத்துக்கும் அலுமினிய ஸ்பேசர் சொருகியிருந்தார்கள், அதை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சக்கரம் வெளியே தள்ளத் தள்ள பேரிங்குக்குத்தான் அடி.

தாழ்த்துவதே தப்பு என்று சொல்ல வரவில்லை. பட்டையைப் பிரித்து, வளைவைச் சூடில்லாமல் அடித்துக் குறைக்கத் தெரிந்த பட்டறைகள் நம் பக்கம் இருக்கின்றன. பின்னால் ஆக்சிலுக்கு மேல் பட்டை இருக்கும் வண்டி என்றால், ஆக்சிலைப் பட்டைக்கு மேலே கொண்டுவரும் முறையும் உண்டு. அதற்குச் சேஸில் இடம் வெட்டிப் பலப்படுத்த வேண்டும், பின் ஆக்சிலைச் சுழற்றும் ஷாஃப்டின் ஜாயின்ட் கோணம் பார்க்க வேண்டும். நிறைய வேலை. யாராவது ஒரே நாளில் தாழ்த்தித் தருகிறேன் என்றால் அவர் கையில் கேஸ் கட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். புதுப் பட்டை என்றால் பழசைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் போய்ப் பாருங்கள்.

"ஆர்டிஓ பாத்துக்கறோம்" என்பதும் சும்மா. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி ஆர்சியில் இருக்கும் விவரம் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. மாட்டினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம்வரை சிறையோ வண்டி உரிமையாளருக்குத்தான். பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் கடைக்காரர் வந்து நிற்கமாட்டார். ஆர்சியோடு ஒத்துப்போகாத வேலையைத் தொடவே தொடாதீர்கள்.

திருச்செங்கோட்டிலேயே பழைய உயரத்துக்குப் புதுப் பட்டை போட்டு, 16 அங்குல ரிம்மையும் திரும்ப மாட்டிவிட்டேன். கடைக்காரர் இப்போது போன் எடுப்பதில்லை. நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும், விவரம் கேட்க நுகர்வோர் உதவி எண் 1915. ஜிஎஸ்டி பில் கடைசிவரை வரவில்லை. அந்த எஸ்டிமேட் சீட்டு, ஜிபே ரசீது, சுரண்டும்போது எடுத்த போட்டோ, பெரியவர் எழுதிக் கொடுத்த காகிதம் எல்லாம் சேர்த்திருக்கிறேன். மனு நிலுவையில் இருப்பதால் கடை பெயரை இங்கே போடவில்லை.

கோவையில் எந்தக் கடையிலாவது இப்படிப் பட்டையைத் தாழ்த்தி வாங்கியிருந்தால், முன் பட்டையில் கண்ணுக்குப் பக்கத்தில் விரல் நீளத்துக்குச் சுரண்டிப் பாருங்கள், நடுவிலும் ஒரு இடத்தில். நீலம் தெரிந்தால் பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போக வேண்டாம், வேறு வண்டியில் ஏற்றிக் கொண்டுபோங்கள்.