சேர்வராயன் மலையில் தீ: செயற்கைக்கோளா, ட்ரோனா, காவலரா?

மாசி பிறந்தால் சேர்வராயன் மலையின் சேலம் பக்கச் சரிவு காயத் தொடங்கிவிடும். மேலே ஏற்காட்டில் காபித் தோட்டங்கள் பச்சையாகவே இருக்கும். எரிவது பெரும்பாலும் கீழே இருக்கும் புதர்க்காடும் இலையுதிர் காடும்தான். காய்ந்த புல், உண்ணிச்செடி, மூங்கில் சருகு எல்லாம் சேர்ந்து கிடக்கும் இடத்தில் அணைக்காமல் போட்ட ஒரு பீடித் துண்டு போதும். அப்படிப் பற்றும் தீயைச் சீக்கிரம் கண்டுபிடிக்க எது உதவும்?

செயற்கைக்கோளுக்குப் பரப்பு ஒரு பொருட்டே இல்லை. டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோள்களில் இருக்கும் மோடிஸ், விர்ஸ் என்ற கருவிகளின் தரவைப் பார்த்து வனத்துறைக்குக் குறுஞ்செய்தி அனுப்புகிறது. தனிச் செலவும் கிடையாது. ஆனால் விர்ஸ் நம் தலைக்கு மேல் வருவது மதியம் ஒன்றரையை ஒட்டியும், நள்ளிரவு தாண்டி ஒன்றரையை ஒட்டியும்தான். மூன்று மணிக்குப் பற்றிய தீ அதன் கண்ணில் பட நடுராத்திரி தாண்டிவிடும். அதன் படத்தில் ஒரு கட்டம் (பிக்சல்) தரையில் 375 மீட்டர் அகலம், மோடிஸின் கட்டம் ஒரு கிலோமீட்டர். இந்த மலையில் அதற்குள் ஒரு முகடும் இரண்டு ஓடைப் பள்ளங்களும் அடங்கிவிடும். எந்தப் பள்ளத்தில் இறங்குவது?

ட்ரோன் அதற்குப் பதில் சொல்லும். அதில் மாட்டும், சூட்டைப் படம் பிடிக்கும் வெப்பக் கேமராவுக்கு அடர்ந்த இலைக்கூரை பெரிய தடை. நல்லவேளையாக, நம் இலையுதிர் காடு தீக்காலத்தில் மொட்டையாக நிற்கிறது, தரை தெரியும். வெயில் நேரத்தில் மட்டும் அதை நம்பாதீர்கள், சூடேறிய பாறையும் தீ மாதிரியே காட்டும். விடியலுக்கு முன் பறக்கவிட்டால் பாறை குளிர்ந்திருக்கும், உள்ளே கனன்றுகொண்டிருக்கும் கட்டை பளிச்சென்று தெரியும். அணைந்ததாக நினைத்த தீ மறுநாள் மதியம் திரும்பக் கிளம்புவது அந்தக் கட்டையிலிருந்துதான். குறைகளும் உண்டு: சின்ன ட்ரோனின் பேட்டரி அரை மணி நேரம்தான் தாங்கும், மலை மடிப்புக்குப் பின்னால் போனால் சிக்னல் போகும், மதியக் காற்றில் தடுமாறும். நாள் முழுக்க மலையைக் காவல் காக்க அதனால் முடியாது.

தீத்தடுப்புக் காவலரால் முடியும். ஆடு மேய்ப்பவர் எந்தத் தடத்தில் போவார், வண்டிகளை நிறுத்திச் சமைப்பது எந்த வளைவில் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். பச்சைத் தழையை ஒடித்து அடித்து அணைப்பதும் அவர்தான். ஆனால் சரிவில் தீ எந்தப் பக்கம் ஏறுகிறது என்று தெரியாமல் அவரை இறக்குவது கொடுமை. சரிவில் தீ மேல்நோக்கி எவ்வளவு வேகமாக ஓடும் என்பதை 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் தீயில் சிக்கி இறந்தபோது பார்த்தோம்.

என் கணக்கில், பணம் முதலில் காவலர் கூலிக்கும் தீத்தடுப்புக் கோடு (தீ தாண்டாமலிருக்கப் புல் புதரை அகற்றிய பட்டை) வெட்டுவதற்கும்தான் போக வேண்டும். அதுவும் தை முடிவதற்குள். அப்புறம் ட்ரோன். குறுஞ்செய்தி வந்ததும் இடத்தை உறுதிசெய்ய, ஆள் இறங்கும்போது மேலிருந்து வழி சொல்ல, அணைத்த மறுநாள் விடியலில் கனலைத் தேட என்று இந்த மூன்று வேலைக்கு மட்டும் போதும். வாங்கினால் அதை நகரத்து அலுவலகத்தில் பூட்டி வைக்காமல், பேட்டரிகளைச் சார்ஜ் ஏற்றி, ஓட்டத் தெரிந்த ஒரு வனக்காப்பாளர் கையில் மலையடிவாரத்திலேயே வைக்க வேண்டும்.