நாள் சம்பளமா, கொந்தராத்தா?
வன்னியில் வீடு திருத்துபவர்களுக்கு ஐப்பசி மழைதான் உண்மையான தவணை. அதற்குள் கூரை மூடாவிட்டால் சுவர் ஊறிப்போகும்.

நாள் சம்பளத்துக்கு மேசனைப் பிடித்தால் பூச்சு நிதானமாக, சுத்தமாக வரும். ஆனால் வேலை இழுபடும். பக்கத்தில் நின்று பார்க்க ஆள் வேண்டும்.

கொந்தராத்தில், அதாவது முழு வேலையையும் ஒரே தொகைக்குப் பேசிக் கொடுத்தால், மொத்தச் செலவு முன்பே தெரியும். ஆபத்து முற்பணத்தில்தான். பாதிக் காசை ஒரேயடியாகக் கொடுத்துவிட்டால், காலபோக (மாரிகால நெல்) விதைப்புத் தொடங்கியதும் ஆட்கள் வயலுக்குப் போய்விடுவார்கள், பாவம், அவர்களுக்கும் வயல் இருக்கிறதே. அதனால் காசைப் பிரித்துக் கொடுங்கள்: கூரை மரங்களான வளை, சிலாகை ஏறியதும் ஒரு பங்கு, ஓடு போட்டதும் இன்னொன்று. பத்தில் ஒன்றை, முதல் பெருமழையில் ஒழுக்கு இல்லையென்று பார்த்த பிறகு கொடுங்கள். ஒவ்வொரு முறையும் கொப்பியில் திகதியும் தொகையும் எழுதி இருவரும் கையெழுத்து வையுங்கள்.

என்னைக் கேட்டால், கூரைக்குக் கொந்தராத்து, உள்பூச்சுக்கு நாள் சம்பளம்.