37,000 ரூபாய்க்கு இரண்டு மெமரி காட்: திருகோணமலையில் கமரா வைத்திருப்போர் கவனத்துக்கு

கடந்த வெள்ளிக்கிழமை மாலை, திருகோணமலை நகரில் கமரா உதிரிப்பொருட்கள் விற்கும் ஒரு கடையில் இரண்டு மெமரி காட்களுக்கு 37,000 ரூபாய் எண்ணிக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை கெட்டிமேளம் முழங்கிய நேரத்தில் அவை என்னைக் கைவிட்டன. இன்று வியாழக்கிழமை, பணமும் வரவில்லை, மாற்றுக் காட்டும் வரவில்லை, என் அழைப்பை எடுப்பாருமில்லை. முறைப்பாடு கொடுக்கவிருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் நான் ஏமாந்த விதத்தையும், காட்களின் எழுதும் வேகத்தை எப்படி ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பதையும் எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை.

பல வருடங்களாகக் கலியாண வீடுகளுக்கும் கோயில் திருவிழாக்களுக்கும் படமெடுத்து வருகிறேன். என் பழைய கமரா யூ.எச்.எஸ். 1 என்ற வேக வகைக் காட்களோடு வேலை செய்தது. அந்த வகையின் உச்ச வரம்பே விநாடிக்கு 104 மெகாபைட். அண்மையில் வாங்கிய கமராவில் யூ.எச்.எஸ். 2 வகைக் காட் செருகும் இரண்டு இடங்கள் உள்ளன, அதன் வரம்பு 312 மெகாபைட். அந்த வகைக் காட்டை நான் அதற்கு முன் கையில் எடுத்துப் பார்த்ததில்லை. இதைக் கடையிலிருந்த இளைஞரிடம் நானே வாய்விட்டுச் சொன்னேன்.

அவர் நல்ல மரியாதையாகப் பேசினார். "அண்ணா, கலியாண வேலைக்கெண்டா இதத்தான் எல்லாரும் கொண்டு போறாங்க, நம்பி எடுங்கோ" என்றார். காட்டின் முகப்பில் 300 என்று பெரிய எழுத்தில் இருந்தது, பக்கத்தில் எழுதும் வேகத்தைச் சொல்லும் வி60 என்ற குறியும் இருந்தது. நான் இன்னும் தயங்குவதைக் கண்டு, தன் லப்டொப்பில் காட் ரீடரைச் செருகி, ஒரு சிறிய வீடியோவை காட்டுக்குப் பிரதி செய்து காட்டினார். திரையில் வேகம் 240 என்று நின்றது. சில விநாடிகளில் வேலை முடிந்ததாகவும் காட்டியது. அந்த எண்ணைப் பார்த்த பிறகுதான் நான் பணப்பையைத் திறந்தேன்.

இப்போது நினைத்துப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகத் தெரிகிறது. பிரதி முடிந்ததாகத் திரை சொன்ன பின்னும் ரீடரின் சிறிய நீல விளக்கு வெகுநேரம் மின்னிக்கொண்டே இருந்தது. நான் அதைக் கண்ணால் கண்டேன், ஆனால் அதன் பொருளை யோசிக்கவில்லை. சிறிய கோப்பை எழுதச் சொன்னால், கணினி அதை முதலில் தன் நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, காட்டுக்குள் மெதுவாக இறக்கிக்கொண்டிருக்கலாம். திரையில் தெரியும் எண் கணினி வாங்கிய வேகமே ஒழிய, காட் எழுதிய வேகம் அல்ல.

ஞாயிறு காலை உப்புவெளியில் ஒரு மண்டபத்தில் கலியாணம். முதல்நாள் வீட்டில் சிறு துண்டுகளாக எடுத்துப் பார்த்தபோது எந்தக் குறையும் தெரியவில்லை, ஏனெனில் காட்டுக்குப் போகுமுன் பதிவைத் தற்காலிகமாக வைத்திருக்கும் கமராவின் இடைத்தேக்கம் சில விநாடிகளைத் தாங்கிக்கொள்ளும். மணவறையில் நான் 4கே வீடியோவை விநாடிக்கு 200 மெகாபிட் அளவில் பதிவு செய்துகொண்டிருந்தேன். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட் என்பதால், காட்டுக்கு அது விநாடிக்கு 25 மெகாபைட் வேலைதான். வி60 என்பது தொடர்ந்து எழுதும்போது 60 மெகாபைட்டுக்குக் கீழே இறங்காது என்ற வாக்குறுதி. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார், மேளம் உயர்ந்தது, திரையில் காட்டின் வேகம் போதாது என்ற எச்சரிக்கை வந்து பதிவு நின்றது. மறுபடி அழுத்தினேன், மறுபடி நின்றது. படம் எடுக்கத் திரும்பினால், சில படங்களுக்குப் பின் கமரா எழுதி முடிக்கும்வரை அசையவில்லை. பைக்குள் கிடந்த பழைய வி30 காட்டைத் தேடி எடுத்துப் போட்டு முடிப்பதற்குள் மூன்று முடிச்சும் விழுந்து, அட்சதையும் தூவி முடிந்துவிட்டது. மீதிச் சடங்கு முழுவதையும் தாங்கியது அந்தப் பழைய காட்தான். பெண்ணின் தகப்பனாரிடம் அதைச் சொல்லப் போனபோது அவர் ஒன்றும் பேசாமல் தலையைக் குனிந்துகொண்டார். அதை நான் மறக்கப்போவதில்லை.

அன்றிரவே கணினியில் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவசச் செயலியால் இரண்டு காட்களையும் முழுவதும் நிரப்பிப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் சென்றது. கொள்ளளவு 128 ஜிகாபைட் சரியாகவே இருந்தது, ஆனால் எழுதும் வேகம் விநாடிக்கு 17 மெகாபைட்டைத் தாண்டவில்லை. பிறகுதான் காட்டைத் திருப்பிப் பார்த்தேன். யூ.எச்.எஸ். 2 வகையென்றால் பின்புறத்தில் தங்க நிறத் தொடுமுனைகள் இரண்டு வரிசையாக இருக்க வேண்டும். என் கையிலிருந்ததில் ஒரே வரிசை. 37,000 ரூபாயை எண்ணிக் கொடுக்குமுன் ஒரு தடவை திருப்பிப் பார்த்திருந்தால் போதும்.

திங்கட்கிழமை கடைக்குத் தொலைபேசி எடுத்தேன். "உங்கட கமராவிலதான் பிழை அண்ணா, போமட் பண்ணிப் பாருங்கோ" என்றார் அதே இளைஞர். செவ்வாய்க்கிழமை நேரில் போனேன். முதலாளி கொழும்புக்குப் போய்விட்டாராம். புதன்கிழமை முதலாளி இருந்தார். பெட்டியை உடைத்துவிட்டதால் திருப்பி எடுக்க இயலாது என்றார். இரண்டு வரிசை முனைகள் எங்கே என்று காட்டைத் திருப்பிக் காட்டிக் கேட்டபோது, கொம்பனிக்கு அனுப்பினால் மூன்று மாதம் செல்லும், விருப்பமென்றால் வைத்துவிட்டுப் போங்கள் என்றார். எந்தக் கொம்பனி என்று கேட்டேன். அதற்குள் வேறு வாடிக்கையாளரிடம் திரும்பிவிட்டார். என்னிடமுள்ள பற்றுச்சீட்டில் 'மெமரி காட் 2, 37,000' என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை. பெயரும் இல்லை, வகையும் இல்லை, வேகமும் இல்லை. இன்று காலையிலிருந்து அனுப்பிய வட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார்கள், பதில் மட்டும் இல்லை.

வேகங்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டு எழுத நினைத்தேன்; இப்போதைய மனநிலையில் முக்கியமானவற்றை மட்டும் சொல்கிறேன். முகப்பில் பெரிதாக அச்சிட்டிருக்கும் எண் பெரும்பாலும் வாசிக்கும் வேகம்தான், அதை விட்டுவிட்டு வி என்ற எழுத்துக்குப் பக்கத்திலுள்ள எண்ணைப் பாருங்கள். யூ3 என்ற குறி என்றாலும் வி30 என்றாலும் எழுதும் வேகம் விநாடிக்குக் குறைந்தது 30 மெகாபைட், யூ1 என்றால் 10 மட்டும். குறியையும் பொய்யாக அச்சிடலாம் என்பதால் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். இரண்டு இடமுள்ள கமராவில் ஒரே காட்சியை இரண்டிலும் பதிந்தால், மெதுவான காட்டின் வேகத்துக்கே மற்றதும் இறங்கும். நிலாவெளிச் சுற்றுலாக் காலத்துக்கும் கோணேசர் கோயில் திருவிழாவுக்கும் புதுக் காட் வாங்குவோர், வாங்கிய அன்றே முழுவதும் நிரப்பிச் சோதியுங்கள். பற்றுச்சீட்டில் வகையையும் வேகத்தையும் எழுதித் தர மறுத்தால் அந்த இடத்திலேயே திரும்பி வந்துவிடுங்கள்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு நாளை காலை அழைக்கப்போகிறேன். இரண்டு காட்களையும், சோதனை முடிவின் அச்சுப்பிரதியையும், அந்தத் துண்டுப் பற்றுச்சீட்டையும் ஒரு உறையில் போட்டு வைத்திருக்கிறேன். இதே வகைக் காட்டை இதே விதமாக லப்டொப்பில் காட்டி உங்களுக்கும் விற்றிருந்தால், பற்றுச்சீட்டை எறிந்துவிடாமல் எனக்குத் தெரியப்படுத்துங்கள். என் 37,000 ரூபாயோடு உங்களுடையதையும் சேர்த்தே முறையிடுவேன்.