கும்பகோணத்து மெடிக்கலில் கேட்ட ஒரு கேள்வி

இந்த முறை ஊர்ப் பயணத்தில் விமானம், டாக்ஸி, பேங்க் வேலை எல்லாம் நல்லபடியாகவே முடிந்தன. அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. எழுத வைத்தது அம்மாவின் பல்வலியும் எங்கள் தெருமுனை மெடிக்கல் ஷாப்பும்தான்.

அம்மாவுக்குக் கடைவாய்ப் பல் பக்கம் ஈறு வீங்கிவிட்டது. லண்டனில் பல் டாக்டரைப் பார்க்க வாரக்கணக்கில் காத்திருந்து பழகியவன் நான். இங்கே அன்று சாயங்காலமே பார்த்துவிட்டார்கள். சந்தோஷம் அதுவரைதான். அப்பாதான் கூட்டிக்கொண்டு போனார். வரவேற்பில் இருந்த பெண் கேட்டது "சுகர் இருக்கா, பிபி இருக்கா?" என்று மட்டும். "ரெண்டும் இல்லம்மா" என்றிருக்கிறார் அம்மா. உண்மைதான். அம்மாவுக்கு இருப்பது நெஞ்சுக்குள் உலோக வால்வு. சின்ன வயதில் வந்த வாதக் காய்ச்சல் இதயத்தின் மைட்ரல் வால்வைக் கெடுத்து, பிற்பாடு ஆபரேஷன் ஆனது. அன்றிலிருந்து ரத்தம் கட்டாமல் இருக்கத் தினமும் அசிட்ரோம். அதைக் கேட்க அந்தப் படிவத்தில் ஒரு வரிகூட இல்லை.

சீட்டில் மூன்று மருந்து: கிருமிக்கு அமாக்ஸிசிலின், மெட்ரோனிடசோல் 400, வலிக்கு டைக்ளோஃபினாக். முதலில் பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கும் பெரிய ஏசி கடைக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பையன் சீட்டைப் பார்த்த வேகத்தில் கத்தரிக்கோலை எடுத்து, ஐந்து நாளைக்கு உண்டானதை அட்டையிலிருந்து வெட்டிக் கொடுத்தான். மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் அச்சடித்த பகுதி கடையிலேயே தங்கிவிட்டது. என் கைக்கு வந்தது பெயரே இல்லாத வெள்ளித் துண்டு. யாருக்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வலி மாத்திரை மட்டும் ஸ்டாக் இல்லை என்று சொல்லிவிட்டான்.

அதற்காகத்தான் தெருமுனைக் கடைக்கு வந்தேன். நான் ஸ்கூல் படிக்கும்போது இருமல் மருந்து வாங்கிய அதே கடை, அதே மர கவுண்டர், அதே பெரியவர். "வாங்க தம்பி, எப்ப வந்தீங்க?" என்றவர், சீட்டை வாங்கிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். அலமாரிப் பக்கம் திரும்பவில்லை.

"அம்மாவுக்கா? அவங்க வேற என்னென்ன மாத்திரை சாப்பிடுறாங்கன்னு பல் டாக்டருக்குத் தெரியுமா?"

மாதாமாதம் வாங்குபவர்களுக்கென்று அவர் ஒரு நீள நோட்டு வைத்திருக்கிறார். அதில் அம்மா பக்கத்தை எடுத்து அசிட்ரோம் வரியில் விரலை வைத்தார். அப்புறம் பொறுமையாக விளக்கினார். அசிட்ரோமைக் கல்லீரல்தான் உடைத்து வெளியேற்ற வேண்டும். மெட்ரோனிடசோல் அந்த வேலையைத் தடுக்கும். சாப்பிடுவது அதே அளவுதான், ஆனால் உடம்பில் மருந்து சேர்ந்துகொண்டே போகும், ரத்தம் தேவைக்கு மேல் நீர்த்துவிடும். டைக்ளோஃபினாக் வயிற்றுச் சுவரைப் புண்ணாக்கும். ரத்தம் இப்படி இருக்கும்போது அந்தப் புண்ணில் கசிய ஆரம்பித்தால் நிற்காது. "மலம் கறுப்பாப் போகும், ஈறுல ரத்தம் வரும், சும்மா இடிச்சாலே நீலம் பாயும். அதுக்காகப் பயந்து அசிட்ரோமை நிறுத்திடாதீங்க தம்பி. நிறுத்தினா வால்வுல ரத்தம் கட்டி, மூளைக்குப் போயிடும்."

சொல்லிவிட்டு அவரே பல் டாக்டருக்கு போன் போட்டார். டாக்டரும் கோபித்துக்கொள்ளவில்லை. மெட்ரோனிடசோல் வேண்டாம், அமாக்ஸிசிலின் மட்டும் போதும், வலிக்கு பாரசிட்டமால், நடுவில் ஒருமுறை பிடி ஐஎன்ஆர் பார்த்துவிடுங்கள் என்றார். ஐஎன்ஆர் என்பது ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் எண். சாதாரண ஆளுக்கு 1 பக்கம் இருக்கும். அம்மாவுக்கு 2.5-லிருந்து 3.5-க்குள் இருக்க வேண்டும் என்பது இதய டாக்டர் வைத்த கணக்கு. டெஸ்டில் 3.1 வந்தது. வீக்கமும் வடிந்தது.

லண்டனில் என் மாமனார் வார்ஃபரின் சாப்பிடுகிறார். அசிட்ரோமின் பங்காளி மருந்துதான். அங்கே கையோடு ஒரு மஞ்சள் புத்தகம் கொடுத்துவிடுகிறார்கள். எந்த டாக்டரிடம் போனாலும் அதைத்தான் முதலில் நீட்டுவார். மாத்திரையே அளவுக்கு ஒரு நிறம்: 1 மில்லிகிராம் பழுப்பு, 3 நீலம், 5 ரோஸ். இரண்டு மருந்து மோதினால் பார்மசி கம்ப்யூட்டரே எச்சரிக்கும். இங்கே அந்த ஏற்பாடு முழுக்க ஒரு பெரியவரின் தலைக்குள்ளும் ஒரு நீள நோட்டிலும் இருக்கிறது. அவருக்குப் பிறகு அந்தத் தெருவுக்கு யார் என்று நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது. சட்டம் இல்லாமல் இல்லை. இந்திய பார்மசி கவுன்சில் 2015-ல் கொண்டுவந்த விதிமுறைகளே, மருந்துகள் ஒன்றோடொன்று மோதுவதைப் பற்றி நோயாளியிடம் பார்மசிஸ்ட் பேச வேண்டும் என்கின்றன. ஏசி கடையில் பேச நேரம் இல்லை, அவ்வளவுதான்.

அம்மாவின் பர்ஸில் இப்போது ஓர் அட்டை இருக்கிறது: உலோக வால்வு, அசிட்ரோம், கடைசி ஐஎன்ஆர், இதய டாக்டரின் நம்பர். பல் ஆஸ்பத்திரிக்கும் நேரில் போய், சுகர், பிபிக்குக் கீழே "வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்" என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். "டாக்டர்கிட்ட சொல்றேன் சார்" என்றார் அந்தப் பெண். லண்டனுக்குக் கிளம்பும் முன் அம்மாவை மறுபடி காட்டப் போனபோது படிவம் அப்படியேதான் இருந்தது. இந்தத் தடவை டாக்டரிடமே சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.