பியர்ப் பானையின் அடியில் தங்கும் கசடு: வலைக்குழாயிலிருந்து சுழல் வரை

வீட்டில் பியர் காய்ச்சப் பானை வாங்குகிறவர்கள் கொள்ளளவைப் பார்ப்பார்கள், எஃகின் கனத்தைத் தட்டிப் பார்ப்பார்கள். வால்வுக்கு உள்பக்கம் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்ப்பவர் குறைவு. டொராண்டோவில் பல ஆண்டுகளாக 40 லிட்டர் பானை ஒன்றில் காய்ச்சி வருகிறேன். என் அனுபவத்தில் பானையின் தரம் அந்த உள்பக்கத்தில்தான் தெரிகிறது.

கொதித்து இறக்கிய மால்ட் சாற்றில், அதாவது வோர்ட்டில், இருவகைக் கசடு நிற்கும். ஒன்று, பியருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூ. மற்றது கொதியில் திரிந்து திப்பிதிப்பியாக மிதக்கும் புரதம். இரண்டையும் பானையிலேயே விட்டுவிட்டுச் சாற்றை மட்டும் இறக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்து சாற்றை ஆறவைக்கும் தட்டுக் குளிரூட்டியின் குறுகிய இடுக்குகள் அடைத்துக்கொள்ளும்.

என் பானையோடு வந்தது, வால்வின் உள்முனையில் திருகி மாட்டும் எஃகு வலைக்குழாய். முழு ஹாப்ஸ் பூக்களைப் போட்டால் அது நன்றாகவே வேலை செய்கிறது. பூக்கள் குழாயைச் சுற்றிப் படிந்து அவையே வடிகட்டியாகிவிடும். ஆனால் கடையில் எளிதாகக் கிடைப்பது அரைத்து அழுத்திய பெல்லட். கொதியில் அது பச்சைச் சேறாகக் கரைந்து, புரதத்தோடு சேர்ந்து வலைக்கண்களைப் பூசி மெழுகிவிடும். எந்த ஹாப்ஸுக்கும் ஏற்றது என்று சொல்லித்தான் விற்றார்கள். வால்வை முழுதாகத் திறந்தும் சாறு சொட்டுச் சொட்டாக வர, நீளக் கரண்டியால் வலையைச் சுரண்டிக்கொண்டு நின்றதுதான் மிச்சம்.

அடுத்து, பானைக்குள் தொங்கவிடும் உருளைச் சல்லடை. ஹாப்ஸ் அதற்குள்ளேயே அடங்கும், வால்வு தப்பும். ஆனால் ஐபிஏ போல ஹாப்ஸ் அள்ளிப் போடும் பியருக்கு உள்ளே சாறு புழங்க இடம் போதாது. கசப்பும் மணமும் மட்டுப்படுவதாக என் நாக்கு சொல்கிறது. வெளியே மிதக்கும் புரதத்தை அது தொடுவதே இல்லை. கழுவுவது தனித் தொல்லை: சோடியம் பெர்கார்பனேட் கரைத்த வெந்நீரில் ஊறப்போட்டால்தான் பச்சை விடும்.

இப்போது வலையே கிடையாது, சுழல்தான்: சாற்றைச் சுழற்றிவிட்டுக் கசடை நடுவில் குவிய விடுவது. 1960இல் மாண்ட்ரியாலின் மோல்சன் பியர் ஆலையில் ஹட்ஸ்டன் என்பவர் உருவாக்கிய முறை இது. அதன் இயற்பியலை ஐன்ஸ்டைன் 1926இலேயே தேநீர்க் கோப்பையை வைத்து விளக்கியிருந்தார். சுழலும் நீர் அடித்தளத்தில் உராய்ந்து வேகம் குறைவதால், அங்கே ஓட்டம் விளிம்பிலிருந்து நடுவுக்குத் திரும்புகிறது. தேயிலையும் அதோடு நடுவில் போய்ச் சேர்கிறது. ஹாப்ஸ் சேறும் அப்படித்தான்.

இதற்கு ஏற்ற பானையின் அடி தட்டையாக இருக்க வேண்டும். சாறு வெளியேறும் துளை பக்கச் சுவரை ஒட்டி, தரைமட்டத்தில் வேண்டும். நடுவில் துளையிட்ட கூம்பு அடிப் பானை பார்க்க அழகுதான். ஆனால் குவியல் சேரும் இடத்திலேயே வாயைத் திறந்து வைத்தால் என்ன ஆகும்? அமிழ்த்தும் குளிர்ச்சுருள் உள்ளே கிடந்தாலும் சுழல் உடைந்துவிடும்.

கொதி முடியப் பத்து நிமிடம் இருக்கையில் கடற்பாசியிலிருந்து எடுத்த கராஜீனன் மாத்திரை ஒன்று போடுகிறேன். புரதம் திரண்டு கனமாகும். அடுப்பை அணைத்துச் சில நிமிடம் சுழற்றிவிட்டு, இருபது நிமிடம் தொடாமல் விடுகிறேன். முரட்டு வேகம் கூடாது. திரண்ட புரதம் உடைந்து தூளானால் பிறகு படியாது. அந்த இருபது நிமிடமும் சாறு சூடாக இருப்பதால் கடைசியில் போட்ட ஹாப்ஸிலிருந்தும் கசப்பு இறங்கிக்கொண்டே இருக்கும். செய்முறைக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

வடிக்கும்போது வால்வைப் பாதிதான் திறப்பேன். மட்டம் இறங்க இறங்க நடுவில் பச்சைக் குன்று தலைகாட்டும். கடைசிச் சாற்றுக்கு ஆசைப்பட்டு வேகமாக இழுத்தால் குன்றின் ஓரம் வெடித்துச் சரிந்து துளையை நோக்கி வரும். அதனால் 20 லிட்டர் வேண்டுமென்றால் 22 லிட்டருக்குத் திட்டமிட்டு, மிச்சத்தைக் கொட்டிவிடுகிறேன். கொஞ்சம் கசடு நொதிகலத்துக்குள் போனாலும் பதறுவதில்லை. அதிலுள்ள கொழுப்பு ஈஸ்டின் வளர்ச்சிக்கு உதவுகிறது.

சுழற்றுவதற்கென்று பம்பு வாங்க வேண்டுமா என்று கேட்டால், இந்த அளவுக்கு வேண்டாம் என்பேன். நீளக் கரண்டி போதும். அந்தப் பணத்தில் துளை சரியான இடத்தில் உள்ள பானையை வாங்குங்கள்.