கடலோரச் சமையலறைக்கு ஏற்ற எக்ஸாஸ்ட் எது: சுவர் ஃபேனா, பேஃபிள் ஹூட்டா, இ.எஸ்.பி.யா?

இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில் எங்கள் உணவகத்தின் சமையலறையைப் புதுப்பித்தபோது, புகையையும் எண்ணெய் ஆவியையும் வெளியேற்ற மூன்று வழிகள் எங்கள் முன் இருந்தன. சுவரில் துளையிட்டு எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டுவது முதல் வழி. அடுப்புகளுக்கு மேல் ஹூட் எனும் புகைக்கூண்டு அமைத்து, அதில் பேஃபிள் ஃபில்டர்களைப் பொருத்தி, டக்ட் எனும் காற்றுக்குழாய் வழியாக மொட்டை மாடியிலுள்ள ப்ளோயரால் காற்றை இழுப்பது இரண்டாவது. அதே ஹூட்டுடன், உயர் மின்னழுத்தத்தால் புகைத்துகளைப் பிடிக்கும் இ.எஸ்.பி. கருவியையும் சேர்ப்பது மூன்றாவது. நாங்கள் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தோம். இந்தக் கடற்கரையில் மீனும் பரோட்டாவும் போடும் எந்த உணவகத்துக்கும் அதையே நான் சொல்வேன். உள்நாட்டு ஊர்களில் இந்தத் தேர்வை இழுவைத் திறனும் மின்கட்டணமும் முடிவு செய்யலாம். தொண்டியிலிருந்து சாயல்குடி வரையிலான எங்கள் கரையில் அதை முடிவு செய்வது பராமரிப்புதான்: எண்ணெய்ப் பிசுக்கும் உப்புக்காற்றும் சேர்ந்து படியும் படிவத்தை, சமையலறைப் பணியாளர்களே கழற்றிக் கழுவி மாட்ட முடிகிறதா என்பதே கேள்வி.

சுவர் ஃபேனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விலை குறைவு, அரை நாளில் மாட்டிவிடலாம், இட்லி, பொங்கல், தேநீர் என்று நீராவி மட்டும் எழும் கடைக்கு அது போதும். ஆனால் அது அடுப்பிலிருந்து எழும் புகையை எழுந்த இடத்திலேயே பிடிப்பதில்லை. புகை அறை முழுவதும் பரவிய பிறகு அறைக்காற்றோடு சேர்த்துத் தள்ளுகிறது. இந்த வகை ஃபேன்கள் தடையில்லாத இடத்தில் நிறையக் காற்றைத் தள்ளும். எதிரே சிறிது தடை வந்தாலும் அந்த அளவு சட்டென்று குறைந்துவிடும். ஆகவே அதன் முன்னால் ஃபில்டரையோ வளைவுகள் கொண்ட டக்டையோ வைப்பது வீண். காற்றே தடையாக நிற்கும் ஊர் எங்களுடையது. ஆடி மாதத்துக் கச்சான் வீசும்போது மேற்குச் சுவரிலும், மார்கழி வாடையில் வடக்குச் சுவரிலும் உள்ள ஃபேன்கள் சுழன்றுகொண்டே இருக்க, புகை உள்ளே திரும்புவதைக் கடற்கரையை ஒட்டிய பல கடைகளில் காணலாம். மேலும், மோட்டார் காற்றோட்டத்தின் நடுவிலேயே இருப்பதால், உள்ளிருந்து எண்ணெய் ஆவியும் வெளியிலிருந்து உப்பு ஈரமும் அதன் மேலேயே படிகின்றன.

ஹூட் முறையில் அடிப்படை வேறு. சூடான காற்று தானாக மேலெழுகிறது. அது கலைவதற்குள் பிடிக்கும் அளவுக்கு ஹூட் அகலமாகவும் தாழ்வாகவும் இருந்தால் போதும். அடுப்பு வரிசையின் ஓரங்களைவிட ஒவ்வொரு பக்கமும் குறைந்தது 6 அங்குலம் வெளியே நீண்டும், கீழ் விளிம்பு தரையிலிருந்து ஏறத்தாழ ஆறரை அடி உயரத்திலும் இருப்பது வழக்கமான அளவு. தலை இடிக்கிறது என்று சமையல்காரர்கள் இன்னும் உயர்த்தச் சொல்வார்கள். உயர்த்தினால் அதே புகையைப் பிடிக்க அதிகக் காற்றை இழுக்க வேண்டியிருக்கும். காற்றின் அளவுக்குத் தோராயக் கணக்கு எளிது: ஹூட்டின் வாய்ப்பரப்பைச் சதுர அடியில் எடுத்து, நிமிடத்துக்கு 100 அடி வேகத்தால் பெருக்க வேண்டும். 8 அடிக்கு 4 அடி ஹூட் என்றால் 32 சதுர அடி, அதாவது நிமிடத்துக்கு 3,200 கன அடி. பரோட்டாக் கல்லும் எண்ணெய்ச் சட்டியும் நாள் முழுவதும் சூடாக இருக்கும் இடத்தில் இதற்குச் சற்று மேலேயே வைத்துக்கொள்வது நல்லது.

ஹூட்டுக்குள் எந்த ஃபில்டர் என்பதில்தான் பலர் பணத்தை மிச்சப்படுத்தப் பார்க்கிறார்கள். வலைப்பின்னல் கொண்ட மெஷ் ஃபில்டர் மலிவு. ஆனால் அது எண்ணெயைத் தன் கம்பிகளுக்கிடையிலேயே சேர்த்து வைக்கிறது, சேரச் சேரக் காற்று அடைபடுகிறது, அடுப்புத் தீ எழும்பினால் அந்த எண்ணெயே பற்றிக்கொள்கிறது. பேஃபிள் ஃபில்டரில், வளைத்த தகடுகள் ஒன்றையொன்று எதிர்நோக்கி இரண்டு வரிசையாக நிற்கின்றன. உள்ளே நுழையும் காற்று சட்டென்று திரும்பித்தான் போக வேண்டும். காற்று திரும்பிவிடும், கனமான எண்ணெய்த் துளிகளால் திரும்ப முடியாது. அவை தகட்டில் மோதி வழிந்து, கீழுள்ள கால்வாயில் இறங்கிக் கிண்ணத்தில் சேர்கின்றன. இதற்காகவே ஃபில்டரை 45 பாகைக்குக் குறையாத சாய்வில் நிறுத்துகிறார்கள். தீச்சுவாலை டக்டுக்குள் ஏறாமல் தடுக்கும் வேலையையும் அது ஓரளவு செய்கிறது. வணிகச் சமையலறைகளுக்கான அமெரிக்கத் தீப்பாதுகாப்பு விதிமுறையான என்.எஃப்.பி.ஏ. 96, மெஷ் ஃபில்டரைத் தனியாக நம்பி வைப்பதை ஏற்பதில்லை. பேஃபிள் எல்லாவற்றையும் பிடித்துவிடும் என்று சொல்ல மாட்டேன். நுண்ணிய புகையும் ஆவியும் அதைத் தாண்டி டக்டுக்குள் போகத்தான் செய்யும்.

இனிப் பராமரிப்பு. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் மெஷ் ஃபில்டர்கள் பெரும்பாலும் அலுமினியம். கெட்டிப்பட்ட பிசுக்கைக் கரைக்கச் சமையலறைகளில் கைகண்ட வழி வெந்நீரில் காஸ்டிக் சோடா; அலுமினியத்தை அந்தக் காரமே அரித்துவிடும். எஸ்.எஸ். (துருவேறா எஃகு) பேஃபிளை அதே காரநீரில் இரவு முழுவதும் ஊறப்போட்டு, காலையில் கையுறை அணிந்து பச்சை நாரால் தேய்த்தால் புதிதுபோல வந்துவிடுகிறது. எங்கள் சமையலறையில் ஃபில்டர்களை இரண்டு தொகுதியாக வைத்திருக்கிறோம். ஒன்று ஊறும்போது மற்றொன்று ஹூட்டில் இருக்கும். இந்த ஒரு ஏற்பாட்டால்தான் கழுவும் வேலை தள்ளிப்போடப்படாமல் நடக்கிறது.

எஸ்.எஸ். என்று சொன்னால் மட்டும் போதாது, எந்த எஸ்.எஸ். என்று கேட்க வேண்டும். பட்டறைகளில் 202, 304, 316 என்ற மூன்று தரங்கள் பேசப்படும். 304-இல் குரோமியம் ஏறத்தாழ 18 விழுக்காடும் நிக்கல் 8 விழுக்காடும் இருக்கின்றன. 202-இல் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைச் சேர்த்திருப்பார்கள். அது உப்புக்காற்றில் புள்ளி புள்ளியாகத் துரு பூக்கும். 316-இல் 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் சேர்வதால் உப்பின் குளோரைடை அது இன்னும் நன்றாகத் தாங்கும். விலையும் அதற்கேற்ப உயரும். காந்தம் ஒட்டவில்லை என்பதால் 304 என்று நம்பிவிடக் கூடாது, ஏனெனில் 202-இலும் காந்தம் ஒட்டாது. சோதனைத் திரவத்தை ஒரு சொட்டு விட்டு நிறம் பார்க்கும் சோதனையைக் கேட்டு வாங்குவதும், பில்லில் தரத்தை எழுதி வாங்குவதுமே வழி. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்தின் கான்கிரீட்டுக்குத் துருவேறாத எஃகுக் கம்பிகளையும், இரும்பு உடலுக்குப் பாலிசிலாக்சேன் பூச்சையும் பயன்படுத்தியிருக்கிறார்கள். இந்தக் காற்று உலோகத்தை என்ன செய்யும் என்பதை அறிந்தே செய்த ஏற்பாடு அது. எங்கள் ஹூட்டும் ஃபில்டரும் 304. கூரைக்கு மேலே வெயிலிலும் கடற்காற்றிலும் நிற்கும் கடைசி டக்ட் துண்டும் அதன் மழைத்தொப்பியும் மட்டும் 316. எல்லாவற்றையும் 316-இல் செய்யத் தேவையில்லை என்றே கருதுகிறேன். உள்ளே எண்ணெய்தான் எதிரி, வெளியேதான் உப்பு. அந்த வெளித் துண்டுக்குச் செலவைக் குறைக்கத் துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகடு பேசப்படும், கடலை ஒட்டிய இடத்தில் அந்தப் பூச்சு உள்நாட்டைவிட வெகு விரைவில் போய்விடும்.

துரு முதலில் தோன்றும் இடம் தகட்டின் நடுப்பகுதி அன்று, வெல்டிங் ஓரம். ஆர்கான் வெல்டிங் செய்த இடத்தில் நீலமும் பழுப்புமாக ஒரு நிறப்பட்டை தெரியும். அதை பிக்லிங் பேஸ்ட் எனும் அமிலப் பசை தடவி நீக்காமல் விட்டால் முதல் மழைக்காலத்திலேயே அங்கே செந்துரு வரும். கழுவுவதிலும் சில கட்டுப்பாடுகள் தேவை. இரும்பு நாரால் தேய்த்தால் அதன் துணுக்குகள் எஸ்.எஸ்.-இல் தங்கித் துருப்பிடிக்கும். கழிவறை ஆசிட்டும் பிளீச்சிங் தூள் கரைசலும் எஃகில் குழி விழச் செய்யும். எங்கள் பகுதிக்கே உரிய சிக்கல் தண்ணீர். போர் தண்ணீரில் உப்பு மிகுதி. அதில் கழுவி அப்படியே உலரவிட்டால் ஒவ்வொரு துளி உலர்ந்த இடத்திலும் வெள்ளைத் தடமும் அதன் கீழே சிறு குழியும் உண்டாகும். எனவே பிசுக்கைப் போக்கப் போர் தண்ணீரைப் பயன்படுத்தினாலும், கடைசி அலசலுக்குக் காவிரிக் கூட்டுக் குடிநீரை ஒரு வாளி ஒதுக்கி, உடனே துணியால் துடைத்துவிட வேண்டும்.

ப்ளோயரிலும் இதே கண்ணோட்டம்தான். மோட்டார் காற்றோட்டப் பாதைக்கு வெளியே நின்று பெல்ட் மூலம் சுழற்றும் சென்ட்ரிஃபியூகல் வகையையே கேட்டு வாங்க வேண்டும். இறக்கைகள் பின்னோக்கி வளைந்தவையாக இருந்தால் பிசுக்கு அவ்வளவாகத் தங்காது. பெல்ட் தளரும், பேரிங்குக்கு கிரீஸ் வைக்க வேண்டும், இவை உள்ளூர் மெக்கானிக்கே பார்க்கக்கூடிய வேலைகள். மின்செலவு கூடுதல் என்பது உண்மை. மோட்டாரின் வேகத்தைக் குறைக்கும் வி.எஃப்.டி. கருவி வைத்தால் கூட்டமில்லாத நேரத்தில் 20 விழுக்காடு வேகம் குறைத்தாலே மின் இழுப்பு ஏறத்தாழப் பாதியாகிறது. டக்டின் ஒவ்வொரு திருப்பத்திலும் திறந்து கழுவும் கதவு வைக்கச் சொல்லி ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். கதவில்லாத டக்டை யாரும் கழுவ மாட்டார்கள். உள்ளே படிந்த எண்ணெய் தீ விபத்துக்குக் காத்திருக்கும்.

இ.எஸ்.பி.யை நான் வைத்துப் பழகியதில்லை. வைத்திருப்பவர்களின் சமையலறைகளில் பார்த்ததையும் அதன் இயக்கத்தையும் கொண்டே சொல்கிறேன். பேஃபிள் விட்டுவிடும் நுண்புகையை அது பிடிக்கிறது என்பதில் ஐயமில்லை. மின்னூட்டம் பெற்ற துகள்கள் எதிர்த் தகடுகளில் ஒட்டிக்கொள்கின்றன. மாடியில் குடியிருப்பு உள்ள நெருக்கமான தெருவில், கீழக்கரை போன்ற ஊரில், அக்கம்பக்கத்தாரின் முறையீட்டுக்கு அது பதிலாகலாம். ஆனால் மணத்தை அது நீக்குவதில்லை. தகடுகளில் பிசுக்கு சேர்ந்தால் பிடிக்கும் திறன் குறையும். இன்சுலேட்டர்களில் எண்ணெயும் ஈர உப்பும் படிந்தால் மின்பொறி தட்டும். அதன் தகடுகளைக் கழுவுவதற்குப் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும், அந்த ஆள் பெரும்பாலும் மதுரையிலிருந்து வர வேண்டும். தண்ணீரைத் தெளித்துத் தானே கழுவிக்கொள்ளும் ஹூட்டுகளும் உண்டு. எங்கள் தண்ணீரில் அதன் தெளிப்பான்கள் உப்புப் படிந்து அடைபடும் என்பதால் அதைப் பரிசீலிக்கவே இல்லை.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், வெளியேற்றும் காற்றில் 80 முதல் 90 விழுக்காடாவது வெளியிலிருந்து உள்ளே வர வழி விட வேண்டும். அது இல்லாவிட்டால் கதவு திறக்கக் கனக்கும், அடுப்புச் சுடர் மஞ்சளாகும், நல்ல ப்ளோயரும் இழுக்காததுபோலத் தோன்றும். உள்வரும் திறப்பை, புகைபோக்கியின் புகை காற்றோடு திரும்பி வராத எதிர்ப்புறத்தில் வைப்பது அவசியம்.

சீமைக்கருவேல விறகோ கரியோ எரிக்கும் அடுப்பு நம் மாவட்டத்தில் இன்னும் நிறைய உண்டு. கிரில் சிக்கனுக்கும் பிரியாணி அண்டாவுக்கும் அதையே வைத்திருப்பவர்கள், அதன் புகையை கேஸ் அடுப்புகளின் டக்டோடு சேர்க்கக் கூடாது. தீப்பொறி எண்ணெய்ப் படிவத்தைத் தொட்டால் டக்ட் முழுவதும் எரியும். அதற்குத் தனி ஹூட், தனி டக்ட் வேண்டும். முன்னே சொன்ன என்.எஃப்.பி.ஏ. 96 விதிமுறை, விறகு மற்றும் கரி அடுப்புகளின் டக்டை மாதந்தோறும் சோதிக்கச் சொல்கிறது; நாள் முழுவதும் பொரிக்கும் கேஸ் அடுப்புக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை. உப்பும் சேரும் எங்கள் கரையில், மூன்று மாதம் என்பதை இரண்டாகக் குறைத்துக்கொள்வதே பொருத்தம் என்று கருதி அப்படியே செய்து வருகிறோம்.