சில்வியாவின் முகத்துக்கு ஹாஃப் கட்டா, ஃபைபரா?

மலேசியாவின் கிள்ளானில் ஒரு லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது என் நிசான் சில்வியா எஸ்15 மேல் இடித்துவிட்டது. பம்பர் பிளந்தது, பானெட் மடிந்தது, இடது ஃபெண்டர் கதவு வரைக்கும் நெளிந்தது. நல்லவேளை, இன்ஜினுக்கு ஒன்றுமில்லை. பாடி பார்ட்ஸ் வாங்க மூன்று வழிகள் இருந்தன: ஜப்பானிலிருந்து புது ஒரிஜினல், அச்செடுத்துச் செய்யும் ஃபைபர், பழைய ஜப்பான் கார்களின் அறுத்த முன்பாதியை விற்கும் ஹாஃப் கட் கடையில் கிடைக்கும் பழைய ஒரிஜினல். நான் ஹாஃப் கட் பக்கம் போனேன். இன்றைக்கு யார் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

புது ஒரிஜினலைச் சீக்கிரம் முடித்துவிடலாம். எஸ்15 உற்பத்தி 2002-லேயே நின்றுவிட்டது. நிசானின் ரேஸ் பிரிவான நிஸ்மோ 2017 டிசம்பரில் பழைய பாகங்களை மறுபடி தயாரித்து விற்கத் தொடங்கியதும் ஸ்கைலைன் ஜிடி-ஆருக்குத்தான். அப்போது சில்வியாவுக்கு அந்தக் கொடுப்பினை கிடைக்கவில்லை. எங்கேயாவது பழைய கையிருப்பில் ஒரு பம்பர் கிடைத்தாலும் விமானக் கூலி தாங்காது. கூரியரில் எடையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுக்கிறார்கள். 180, 60, 50 என்று ஒரு பெட்டி இருந்தால் 108 கிலோவுக்குப் பணம் கட்ட வேண்டும். உள்ளே இருக்கும் பம்பரை ஒரே ஆள் தூக்கிவிடலாம்.

ஃபைபர் விலை குறைவு, கேட்ட உடனே கிடைக்கும், உடைந்தால் கண்ணாடி இழைப் பாயும் ரெசின் பசையும் வைத்து ஒட்டிவிடலாம். காரைச் சறுக்க வைத்து டிரிஃப்ட் ஓட்டி மாதம் ஒரு பம்பர் உடைப்பவருக்கு அதுதான் சரி. தினமும் சாலையில் ஓட்டுபவருக்கு அது சரிவராது என்பேன். காரணம் ஒன்றே ஒன்று: பொருத்தம்.

இதே காருக்கு முன்பு ஒருமுறை ஃபைபர் பம்பர் போட்டிருக்கிறேன். ஒரிஜினலில் அச்செடுத்து, அந்த நகலில் இன்னொருவர் அச்செடுத்து வந்த சரக்கு அது. ரெசின் காயும்போது சுருங்கும் வேறு. ஹெட்லைட் மூலையில் ஒரு பக்கம் விரல் நுழையும் இடைவெளி, மறுபக்கம் லைட்டையே உரசியது. பிராக்கெட் மாட்ட ஓட்டை கிடையாது. பெயிண்ட் கடை அண்ணன் தேய்த்து, வெட்டி, துளை போட்டு, பட்டி பூசி முடிக்க மூன்று நாள் ஆனது. பம்பரில் மிச்சம் பிடித்த காசு கூலியில் போய்விட்டது. அதோடு முடியவில்லை. நம் ஊர் வெயிலிலும் வேகத்தடையிலும் ஓடி ஓடி, ஸ்க்ரூ ஓட்டைகளைச் சுற்றிச் சிலந்தி வலை மாதிரி கீறல் விழுந்தது. ஒரிஜினல் பம்பர் பிளாஸ்டிக். லேசாக இடித்தால் வளைந்து திரும்பிவிடும்.

ஹாஃப் கட் என்பது ஜப்பானில் காரைக் குறுக்கே அறுத்துக் கன்டெய்னரில் அனுப்பும் முன்பாதி. பம்பர், அதன் உள்ளே இருக்கும் இரும்புக் கட்டை, லைட் பிராக்கெட், சக்கரத்துக்கு மேல் இருக்கும் பிளாஸ்டிக் மறைப்பு எல்லாம் ஒரே காரில் சேர்ந்திருந்தவை. ஒன்றோடொன்று உட்காரும் என்பது ஏற்கெனவே தெரிந்த விஷயம். எனக்கு மாட்டி முடிக்க ஒரே நாள் போதுமானதாக இருந்தது. பேரம் பேசும்போதே சின்ன பிராக்கெட்டுகளையும் கிளிப்புகளையும் சேர்த்துக் கேளுங்கள்; அப்புறம் தனியாகத் தேடினால் கிடைக்காது. டர்போ உள்ள ஸ்பெக்-ஆர் வருமென்று காத்திருக்கவும் வேண்டாம், டர்போ இல்லாத ஸ்பெக்-எஸ்ஸின் ஃபெண்டரும் பானெட்டும் அப்படியே பொருந்தும்.

போட்டிதான் அதிகம். சில்வியாவின் உறவுக் காரான நிசான் 180எஸ்எக்ஸ் வைத்திருப்பவர்களும் எஸ்15 முகத்தைத் தேடுகிறார்கள். ஜப்பானில் அந்த மாற்றத்துக்கு ஸ்ட்ராபெரி என்றே பெயர். எஸ்15-இன் 15-ஐ ஜப்பானிய மொழியில் பிரித்தால் இச்சி ஒன்று, கோ ஐந்து; இச்சிகோ என்றால் ஸ்ட்ராபெரி.

வாங்கும்போது ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். ஃபெண்டரில் எங்கே பிடி தளர்கிறதோ, அங்கே அடியில் பட்டி இருக்கிறது. கடைக்காரர் கழற்றுவதற்கு முன்பே போல்ட் தலைகளைப் பாருங்கள். பெயிண்ட் பெயர்ந்திருந்தால் யாரோ ஏற்கெனவே கைவைத்திருக்கிறார்கள். சக்கரத்துக்குப் பின்னால் ஃபெண்டரின் கீழ் முனையையும் தடவிப் பாருங்கள். பனி பெய்யும் ஊர்களில் சாலையில் உப்பு போடுவார்கள், அங்கே ஓடிய கார் அந்த இடத்தில்தான் துருப்பிடிக்கும்.

கார்பன் பானெட் நான் போட்டதில்லை. நண்பர் ஒருவரின் காரில் இரண்டு வருடத்தில் மேல்பூச்சு மஞ்சளித்தது, அவ்வளவுதான் பார்த்திருக்கிறேன்.

நான் வாங்கியது நீல நிறக் காரின் முன்பாதி, என் கார் வெள்ளை. வெளியே முழுவதும் வெள்ளை அடித்தாகிவிட்டது. பானெட்டைத் திறந்தால் ஃபெண்டரின் உள்விளிம்பு மட்டும் இன்னும் நீலம். "இதையும் அடிச்சிடவா தம்பி?" என்று பெயிண்ட் கடை அண்ணன் கேட்டார். வேண்டாம் அண்ணே என்றேன். அது ஃபாக்டரியில் அடித்த பெயிண்ட். அதன் மேல் இன்னொன்று பூசினால் அடியில் துரு கிளம்புவது தெரியாமல் போய்விடும்.